டோபி பிடித்தம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சம்பளத் துண்டில் ஒரு காலத்தில் ‘டோபி’ என்று ஒரு வரி இருந்தது. அரிசிக் காசு, சங்கச் சந்தா, கோயில் காசு, மரணாதார சங்கம் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் ‘டோபி’, முடிவெட்டுகிற ‘பாபர்’ இரண்டு பேரும் இருப்பார்கள். மற்ற வீடுகளில் அந்த வரியைப் பார்த்து, “இந்த மாசமும் புடிச்சிட்டானுங்க” என்று அலுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கு அதுதான் வருமானம். எங்கள் தாத்தா வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் டோபி. சாதியில் வண்ணார்.

வண்ணார் என்றால் துணி வெளுப்பவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. எங்கள் ஆட்கள் வந்தது திருச்சி ஜில்லா துறையூர்ப் பக்கம். அங்கே ஒரு கிராமத்தில் வண்ணாருக்கு இருந்த வேலைகளை அப்பாயி சொல்லச் சொல்லக் கேட்டால், ஊரில் பிறந்தவன் எவனும் வண்ணார் இல்லாமல் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது போலிருக்கும். பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டுத்துணியை எடுப்பது அவர்கள். பெண் பிள்ளை பெரிய மனுசியானால் மாத்துச் சேலை கொண்டுவருவது அவர்கள். கல்யாணப் பந்தலுக்கு மேலே வெள்ளை கட்டுவது, மாப்பிள்ளை நடந்துவர நடைபாவாடை விரிப்பது, சாமி ஊர்வலத்துக்குப் பழந்துணியைச் சுற்றிப் பந்தம் செய்து எண்ணெய் ஊற்றிப் பிடிப்பது எல்லாம் அவர்கள்தான். சாவு விழுந்தால் பாடைக்குத் துணி கட்டி, நீர்மாலைக்கு மேலே வெள்ளை பிடித்து, கருமாதி வரைக்கும் கூடவே நிற்க வேண்டும். கூலி என்று காசு கிடையாது. அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற நெல், அப்புறம் சாயங்காலம் வீடு வீடாகப் போய் எடுக்கிற சோறு. அந்தச் சோற்றை அப்பாயியின் மாமியார் எடுத்திருக்கிறார். ஒரே குண்டானில் பத்து வீட்டுக் குழம்பும் கலந்துவிடுமாம். அதைச் சொல்லும்போது அப்பாயி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இவ்வளவையும் கப்பலேற்றிக்கொண்டு வந்தவர்கள் பெரிய கங்காணிமார். கோப்பிக் காலத்திலும் சரி, 1860களுக்குப் பிறகு தேயிலை வந்த காலத்திலும் சரி, கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆள் கட்டியபோது கொழுந்து எடுக்கிற கையை மட்டும் பார்க்கவில்லை. ஒரு ஊர் ஓட என்னென்ன ஆள் வேண்டுமோ, அதையும் சேர்த்தே கூட்டிவந்தார். மேளத்துக்கு ஆள், முடிவெட்ட ஆள், துணி வெளுக்க ஆள். துரைக்குத் தேவை தோட்டம், கங்காணிக்குத் தேவை ஊர். அப்படித்தான் எங்கள் பூட்டன் மண்டபம் முகாமில் கிடந்து, தலைமன்னாரில் இறங்கி, இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே வந்த பிறகு ஒரு சிக்கல். களம் இல்லை, நெல் இல்லை, சாப்பாடே கணக்கில் எழுதிக் கொடுக்கிற அரிசி. அப்புறம் எதை அளந்து போடுவது? அதற்குத் தோட்ட ஆப்பீஸ் கண்டுபிடித்த வழிதான் அந்தப் பிடித்தம். செக்ரோலில், அதாவது தொழிலாளர் பேர்ப் பதிவில், பேர் உள்ள ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு சின்னத் தொகையைப் பிடித்து மொத்தமாகத் தாத்தா கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரில் பண்ணையாரும் களத்துமேடும் செய்த வேலையை இங்கே பெரிய கிளார்க்கரும் மை பேனாவும் செய்தார்கள். மலையகத்துக்கு வந்ததும் சாதி கரைந்துபோயிற்று என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்தச் சம்பளத் துண்டுதான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் சாதிக்கு ஒரு வரி ஒதுக்கி, மாதாமாதம் கூட்டிக் கழித்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

தாத்தாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். செய்து காட்ட இனி ஆள் இல்லை.

திங்கட்கிழமை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய் துணி எடுப்பார். ஊரில் இதற்குக் கழுதை வைத்திருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கேலி செய்யப் பையன்கள் ‘வண்ணாத்திக்குக் கழுதை மேல ஆசை’ என்று பழமொழி சொல்வார்கள். மன்னார்ப் பக்கம் போனால் ஒழிய இந்த நாட்டில் கழுதையைப் பார்ப்பதே அபூர்வம். சொன்னவனும் பார்த்ததில்லை, கேட்ட நானும் பார்த்ததில்லை. தாத்தா மூட்டையைத் தலையில்தான் சுமந்தார்.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி. சேங்கொட்டையை ஊசியால் குத்தினால் பிசின் மாதிரி ஒரு சாறு வரும். அதைத் தொட்டுத் துணி ஓரத்தில் புள்ளி வைத்து, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி கிழிந்தாலும் குறி போகாது. நாட்டு மருந்துக் கடையில் சேங்கொட்டை விற்பார்கள். சாறு தோலில் பட்டால் கொப்புளம் போடும், அதனால் எங்களைப் பக்கத்தில் விடமாட்டார். இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் மேல் லயத்துக் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி வீட்டு அறை. மூன்று புள்ளி முக்கோணமாக வைத்தால் கணக்கப்பிள்ளை வீடு. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோட்டம் முழுவதையும் துணி ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து யார் எந்தக் காம்பராவுக்குப் போனார்கள், எந்த வீடு பிரிந்து இரண்டாயிற்று என்பதெல்லாம் குறியில் தெரியும்.

அப்புறம் வெள்ளாவி. ஊரில் இதற்கு உவர்மண் இருந்தது, ஆற்றங்கரையில் சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். மலையில் உவர்மண்ணுக்கு எங்கே போவது? ஹட்டன் கடையிலிருந்து சோடா மூட்டை வாங்க வேண்டும். சோடாத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணிகளை அரைகுறையாகப் பிழிந்து, அடுப்பில் ஏற்றிய பெரிய அண்டாவின் வாயைச் சுற்றி வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார். கெட்டித் துணி அடியில், மெல்லியது மேலே. ஆள் உயரத்துக்குக் கோபுரமாக வந்ததும் பழைய போர்வையால் மூடிக் கட்டிவிடுவார். அடியில் எரிப்பது கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய மிலாறு, காய்ந்த தேயிலைக் குச்சி. இரவு முழுக்க ஆவி துணிக்குள்ளே ஏறும். விடிந்து பிரித்தால் வரும் வாசனையை எனக்கு எழுதத் தெரியவில்லை. வேகவைத்த துணி, புகை, சோடா எல்லாம் கலந்த ஒன்று. அதற்குப் பிறகுதான் தண்ணீர் விழுகிற பீலிக்குக் கீழே உள்ள கல்லில் அடி. கொழுந்து எடுக்கிற பெண்களின் துணியில் படிகிற தேயிலைக் கறை லேசில் போகாது. இலைச்சாறு பட்டுப் பட்டு இடுப்புப் பக்கம் கறுத்திருக்கும். “இதுக்கு வெள்ளாவி பத்தாது, நெருப்புதான் வைக்கணும்” என்பார் தாத்தா.

வெளுப்பதைவிடப் பெரிய பாடு காயவைப்பது. வட்டவளை இந்த நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவம் இறங்கினால் செப்டம்பர் வரை வெயில் என்பது விருந்தாளி. துணி கொடியிலேயே பூசணம் பிடிக்கும். தாத்தாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை காய்ச்சுகிற அடுப்படிக்காரர் ஒருவர் சிநேகம். ராத்திரி ஷிப்டில் அவர் இருக்கிற நாளாகப் பார்த்து ஈர மூட்டையோடு பின்பக்க விறகுக் கொட்டகைக்குப் போய், வெக்கையில் விரித்துப் போட்டுவிட்டு விடிவதற்குள் எடுத்துவருவார். டீமேக்கருக்குத் தெரிந்தால் தொலைந்தார்கள் இரண்டு பேரும். எங்கள் தோட்டத்துப் போர்வைகளில் தேயிலை வாசனை வந்ததற்குக் காரணம் இதுதான், இப்போது சொல்லிவிடலாம்.

இந்த மழைக்குள்ளே உட்கார்ந்துதான் அப்பாயி எங்களுக்குத் திருக்குறிப்புத் தொண்டர் கதை சொல்வார். அறுபத்துமூவரில் ஒருவர், காஞ்சிபுரத்துக்காரர், எங்கள் குலத்தார். சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதே தொண்டு என்று இருந்தவர். ஒரு குளிர்காலக் காலையில் சிவன் கிழவனாக, அழுக்குக் கந்தையோடு வருகிறார். “இதைத் தோய்த்துப் பொழுது சாயும் முன்னே தா, இல்லையென்றால் இந்த உடம்பு குளிரில் தாங்காது” என்கிறார். இவரும் வாங்கித் தோய்க்கிறார். அதற்குப் பிறகு பார்த்தால் மழை. விடாத மழை. சாயங்காலம் ஆகிவிட்டது, துணி காயவில்லை. அடியாருக்குத் தீங்கு செய்துவிட்டோமே என்று துணி தோய்க்கிற கல்லிலேயே தலையை மோதப் போகிறார். கல்லுக்குள்ளிருந்து ஈசன் கை வந்து பிடித்துக்கொள்கிறது. சேக்கிழார் இதைப் பக்தியாகப் பாடியிருக்கிறார். பெரிய புராணம் படித்த பலர் பக்தியாகவே கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் இது தொழில் கதை. மழை பெய்து துணி காயாமல் போனால் நமக்கு என்ன ஆகும் என்பது ஜூலை மாதத்தில் தினசரிக் கேள்வி. “நாயனாருக்குக் கை வந்துச்சு. நமக்கு ஸ்டோரு அடுப்பு வந்துச்சு” என்பார் தாத்தா. காஞ்சிபுரத்தில் அவர் வழிபட்ட முத்தீஸ்வரர் கோயிலுக்கு ஒருமுறையாவது போக வேண்டும் என்று அப்பாயி சொல்லிக்கொண்டே இருந்தார். போகவில்லை.

சரி, மாத்து விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், சோடாவும் சேங்கொட்டையும் இழுத்துக்கொண்டு போய்விட்டன.

பெண் பிள்ளை சமைந்த வீட்டிலிருந்து முதலில் ஆள் வருவது எங்கள் காம்பராவுக்குத்தான். அப்பாயி வெளுத்த சேலையை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு போவார். பிள்ளை குளித்துக் கட்டிக்கொள்வது அந்த மாத்து. பிள்ளை உடுத்தியிருந்த துணி அப்பாயிக்கு. கூடவே அரிசி, தேங்காய், வெற்றிலைபாக்கு, கொஞ்சம் காசு. எவ்வளவு பணம் இருந்தாலும் கடையில் வாங்கிய புதுச்சேலை அந்த இடத்தில் செல்லாது, வண்ணாத்தி கை பட்டது வேண்டும். அவ்வளவு முக்கியமான ஆளை அந்த வீட்டார் எங்கே உட்காரவைத்தார்கள் என்றால், இஸ்தோப்பிலே, வாசல் திண்ணையிலே, தரையில். எங்களைவிடச் சின்னப் பிள்ளைகள் தாத்தாவை “டோபி, இங்க வா” என்று கூப்பிடும். தாத்தா “இந்தா வர்றேன் சாமி” என்பார்.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. டோபிக் காசு எல்லா லயத்திலும் ஒரே மாதிரிதான் பிடித்தார்கள், அதனால் அழுக்குத்துணி எல்லா லயத்திலிருந்தும் வந்தது. ஆப்பீஸ் உத்தரவு, மறுக்க முடியாது. ஆனால் மாத்து எல்லா லயத்துக்கும் போகவில்லை. குடியானவர் லயத்துக்கு அப்பாயி போவார். கீழ் லயத்துக்குப் போகமாட்டார். அங்கே சடங்கு என்றால் அவர்களே உறவுக்குள் யாரையாவது வைத்துச் செய்துகொண்டார்கள். அவர்களிடமிருந்தும் மாதாமாதம் காசு வந்ததே அப்பாயி என்று கேட்டால், “அது துணிக்கு உள்ள காசு” என்பார். தன்னைத் தரையில் உட்காரவைத்த வீட்டுக்கு நடந்துபோன அப்பாயி, பாய் விரித்து உட்காரவைக்கத் தயாராக இருந்த வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு அப்பாயி மேல் உயிர். இருந்தாலும் இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் அந்தச் சனங்களுக்கு வெளுக்கவே புதிரை வண்ணார் என்று தனி ஆட்கள் உண்டு. தலித்துகளுக்கு வெளுத்ததால் தலித்துகளுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். பகலில் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ராத்திரியில் நடமாடச் சொன்ன காலமெல்லாம் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று ஒரு நலவாரியம் 2009இல்தான் வந்தது. அழுக்கை யார் தொடுவது என்பதிலும் எத்தனை படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இது தமிழரிடம் மட்டும் உள்ள வியாதி என்றும் நினைக்க வேண்டாம். ஆற்றுக்கு அக்கரையில் சிங்களக் கிராமம். அங்கே ஒரு ‘ரெதி நெந்தா’ இருந்தார், அவர்களில் வெளுக்கிற குலத்துப் பெண். பிள்ளை பெரியவளானால் குளிக்கவைப்பதும், அது போட்டிருந்த உடுப்பை எடுத்துக்கொள்வதும், விசேஷங்களுக்கு ‘பிருவட்ட’ என்கிற வெள்ளைத் துணி கொடுப்பதும் அவர் வேலை. கினிகத்தேனைப் பொலையில், அதாவது சந்தையில், அப்பாயியும் அவரும் சந்தித்துக்கொண்டால் அரைச் சிங்களம் அரைத் தமிழில் நீலக்கட்டி விலையும் கைவலியும் பேசுவார்கள். இருவருக்கும் ஒருவர் வேலையை ஒருவருக்கு விளக்க வேண்டி வந்ததில்லை.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் வீட்டையும் வெட்டியது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டதில், பெரியப்பா குடும்பம் அந்தப் பக்கம். எழுபதுகளில் போனார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று நீலகிரியில் அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. பெரியப்பா அங்கே துணி வெளுக்கவில்லை, தேயிலை மலைக்கு வேலைக்குப் போனார். ஆனால் பையனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் போனபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். இலங்கையில் பிறந்தவன் பிறப்புப் பத்திரத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும், ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதியிருக்கும். சாதிக்குக் கட்டமே கிடையாது. பெரியப்பா ஆப்பீஸ் ஆப்பீஸாக நடந்தார். பூர்வீக ஊரில் யாராவது சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். துறையூர்ப் பக்கம் போய், மூன்று தலைமுறைக்கு முன் போனவர்களின் பேரைச் சொல்லித் தேடி, கடைசியில் ஒரு இஸ்திரிக் கடைக்காரரைக் கண்டுபிடித்தார். அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தே நம்பிக் கையெழுத்துப் போட்டாராம்.

அங்கே வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 1989இல் அந்தப் பட்டியலுக்கும் சீர்மரபினருக்கும் சேர்த்து 20 சதவீதம் ஒதுக்கினார்கள். இதிலும் ஒரு வேடிக்கை. அதே வண்ணார் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கமும் பட்டியல் சாதி. அந்தப் பகுதிகள் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய கணக்கு அப்படியே நிற்கிறது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் வேறு பட்டியல். எப்படியோ பெரியப்பா மகன் படித்து இன்று கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான். எந்தப் பேரை அங்கே சான்றிதழாக வாங்க அவர்கள் அலைந்தார்களோ, அந்தப் பேர் வெளியே தெரியக்கூடாது என்று இங்கே என் அண்ணன் தனக்குப் பொண்ணு பார்க்கும்போது தரகரிடம் கெஞ்சினான். கட்டம் இல்லாததால் சாதி இல்லை என்று இந்த நாட்டில் யாரும் நினைத்துவிடவில்லை. கல்யாணத் தரகரிடம் எல்லாக் கட்டமும் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் டோபி பிடித்தம் நின்றது கம்பெனிகள் தோட்டத்தைத் திரும்ப எடுத்த தொண்ணூறுகளில். அதற்கு முன்னாலேயே பீலிக்கரையில் சன்லைட் கட்டி வந்துவிட்டது, பாலியெஸ்டர் வந்துவிட்டது. பாலியெஸ்டரை வெள்ளாவியில் வைத்தால் என்ன ஆகும் என்று தாத்தா ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு தொடவில்லை. வெளுப்பு போயிற்று, வெளுப்புக்குக் கிடைத்த காசும் போயிற்று. மாத்து மட்டும் போகவில்லை. சடங்கா, சாவா, ஆள் வந்துவிடும். காசு வராத வேலை மட்டும் கடமை என்ற பேரில் எங்களிடமே தங்கிவிட்டது. அப்பா அதற்காகவே தோட்டத்தை விட்டு ஹட்டன் டவுனுக்கு வந்தார்.

இப்போது அண்ணன் டவுனில் லாண்டரி வைத்திருக்கிறான். மெஷின், டிரையர் எல்லாம் லோனில். டிசம்பர் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், அடிவார நல்லதண்ணி விடுதிகளின் விரிப்புகள் லொறியில் வரும். மிச்ச மாதம் மழையும் லோனும். அதை ஈடுகட்டக் கல்யாண மண்டப அலங்காரத்திலும் இறங்கினான். கூரைக்குக் கீழே வெள்ளைத் துணியை அலை அலையாகக் கட்டுவது, கதிரைக்கு உறை, மாப்பிள்ளை வருகிற வழியில் நீள விரிப்பு. முதல்முறை அவன் ஏணியில் நின்று கட்டுவதைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார். டவுனில் இதே வேலையைச் செய்கிற இன்னும் இரண்டு பேர் உண்டு, எங்கள் சாதி இல்லை. அவர்கள் செய்தால் அது ஈவென்ட். அண்ணன் செய்தால் பந்திக்குப் பின்னால் யாராவது ஒரு பெரியவர், “என்ன இருந்தாலும் கைப்பழக்கம் பாருங்க” என்பார்.

போன வைகாசியில் எங்கள் பழைய தோட்டத்து வீடு ஒன்றில் கல்யாணம். பிள்ளைகள் கொழும்பில் நல்ல நிலைமை. முழு அலங்காரமும் அண்ணனிடம் பேசினார்கள். “தம்பி” என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாம் முடிவான பிறகு அந்த வீட்டு அம்மா, “நடைபாவாடைய மட்டும் கணக்குல சேர்க்காதீங்க, அது ஒங்க தாத்தா காலத்துல இருந்து நம்ம வீட்டு முறை” என்றார். அண்ணன், “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்து பில் எழுதினான். கதிரை உறை இவ்வளவு, மேடைத் துணி இவ்வளவு, கூரைத் துணி இவ்வளவு. நடைபாவாடைக்கும் ஒரு வரி, மீட்டருக்கு இவ்வளவு என்று. அண்ணி வேண்டாம் என்றார். அப்பாவிடம் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ் வரை வாசித்து, நீளத்தில் ஒரு மீட்டர் குறைத்து எழுதியிருக்கிறாய், திருத்து என்றார்.

பணம் வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு உரியதை மட்டும் கழித்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். அண்ணன் மாதா மாதம் ஒன்றாம் தேதி மிச்சத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.